சுவர் வரும்வரை அளந்தவர்கள்

மழை சுவரைத் தள்ளிவிட்டுப் போனது போன வாரத்துச் சங்கதி. பெரியவர் வீட்டுப் பின்கட்டுக்கும் அவர் தம்பி வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலே நின்ற சுவர் அது. விழுந்த சத்தம் இரண்டு தெருவுக்கும் கேட்டது. ஆனால் யார் மேலும் ஒரு கல்கூடப் படவில்லை. ஆண்டவன் சில காரியங்களை எவ்வளவு பதமாகச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டே மேலே போவோம்.

சனிக்கிழமை மதியம், பெரியவர் வீட்டு வாசலில் பள்ளிக்கூட வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கியது பிள்ளைகள் இல்லை. மூட்டை மூட்டையாகப் பழைய பெட்ஷீட்டுகள், கிழிந்த திரைச்சீலைகள், நான்கைந்து பிளாஸ்டிக் வாளிகள், ஒரு பெரிய குடை. கடைசியாக டேப்பு இறங்கினாள், பெரியவர் மனைவியின் தங்கை.

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. அது வங்கிக்கும் வாக்காளர் அட்டைக்கும் மட்டும்தான். தையல் கடையில் துணி வெட்டிய காலத்தில் அளவு டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டாள். அக்காதான் முதலில் கூப்பிட்டாள். பிறகு ஊரே கூப்பிட்டது.

தையல் கடைக்காரி தோட்டக்காரி ஆன கதை ஊருக்கே தெரியும். கடை வாசலில் நூல்கண்டு டப்பாக்களிலும் ஓட்டை பக்கெட்டுகளிலும் அவள் செடி வளர்த்தாள். வெயிலுக்குத் தகுந்த மாதிரி தினமும் இடம் மாற்றி வைப்பாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த டாக்டரம்மா ஒருத்தி, கொடுத்துவிட்டுப் போகாமல் அந்தச் செடிகள் நடுவில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். "என் கிளினிக் முன்னாடியும் இப்படிப் பண்ணிக் கொடேன்" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போய் மண்ணைப் படித்தாள், வேரைப் படித்தாள். ஆனால் வேலை செய்கிற முறை மட்டும் தையல் கடை முறையாகவே இருந்துவிட்டது.

மற்ற தோட்டக்காரர்கள் வந்ததும் என்ன செடி பிடிக்கும் என்று கேட்பார்கள். டேப்பு செடிப் பேச்சே எடுக்க மாட்டாள். "காலையில எழுந்ததும் முதல்ல எந்த ஜன்னலைத் திறப்பீங்க? கோபம் வந்தா எங்கே போய் நிப்பீங்க? ஃபோன் பேசும்போது நடப்பீங்களா, உட்காருவீங்களா?" என்று கேட்பாள். நிலத்தை அளப்பதற்கு முன்னால் ஆளை அளப்பாள். எட்டு வைக்கிற தூரம், கை நீட்டினால் எட்டுகிற உயரம், முழங்கால் மடங்குமா மடங்காதா. அதற்குப் பிறகுதான் கத்தரி, அதாவது மண்வெட்டி.

வெட்டுவதற்கு முன் ஒரு டிரையல் உண்டு. வரப்போகிற தோட்டத்தைத் துணியால் தரையில் விரித்துவிடுவாள். பச்சை பெட்ஷீட் புல்தரை, பழுப்புத் திரைச்சீலை பாதை, வாளிகள் செடிகள். மரத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். குடையை விரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். அந்த வேலை அவள் புருஷன் வேன்காரருக்கு. "உலகத்துல எல்லாப் பொண்டாட்டியும் ஏன் மரம் மாதிரி நிக்கறீங்கன்னு திட்டுவாங்க. என் பொண்டாட்டி ஒருத்திதான் இன்னும் கொஞ்சம் மரமா நில்லுங்கன்னு திட்டுறா" என்று வேனில் வருகிற பிள்ளைகளிடம்கூடச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தோட்டம் மட்டும் மற்றதைப் போல இல்லை. அம்மா போனபிறகு டேப்புவைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. புதன்கிழமை அளவெடுக்க வந்தபோது டேப்பு வழக்கம்போல் கேட்டாள்: "சமையலறை ஜன்னலைத் திறந்தா என்ன தெரியணும்க்கா?"

அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே, "எது தெரிஞ்சாலும் சரி. சுவர் தெரிய வேண்டாம்" என்றாள்.

உள்ளேயிருந்து அத்தான் குரல் வந்தது; அவர்தான் அந்தப் பெரியவர். "கொத்தனாருக்குச் சொல்லியாச்சு. திங்கட்கிழமை சுவர் எழும்புது. தோட்டத்தை அதுக்கு உள்ளே போட்டுக்கோ."

அக்கா கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள். அதை டேப்பு பார்த்தாள்.

இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஒன்று இந்தத் தெருவைப் பார்க்கும், மற்றது அடுத்த தெருவை. அத்தானின் அப்பா ஒரே மனையில் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்தது. அவர் கண்ணை மூடிய மாதமே பெரியவர் நடுவில் சுவரை எழுப்பினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறேழு வருஷமாக இரண்டு வீட்டு டிவியிலும் ஒரே நகைச்சுவைக் காட்சி ஓடும். இந்தப் பக்கம் அண்ணன் சிரிப்பார், அதே நொடியில் அந்தப் பக்கம் தம்பி சிரிப்பார். சமையலறையில் நிற்கிற அக்காவுக்கு இரண்டு சிரிப்பும் கேட்கும். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

இந்தச் சனிக்கிழமை, அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். டேப்பு சமையலறைப் படியிலிருந்து துணியை விரிக்க ஆரம்பித்தாள். முதலில் பாதை. அப்புறம் இடது பக்கம் வாளிகள். அப்புறம் புல்தரை. கையில் அவள் வரைந்த தாள், வாயில் இரண்டு துணிக் கிளிப்.

"பின்கட்டு இவ்வளவு நீளம்னு எனக்கு ஞாபகமே இல்லை" என்று கிளிப்போடு முணுமுணுத்தாள்.

வேன்காரர் மூன்றாவது பெட்ஷீட்டை உதறி விரித்தார். நான்காவதை விரித்தார். ஐந்தாவதை விரிக்கும்போது ஈரத் துணி ஒன்று அவர் முகத்தில் அடித்தது. கொடியில் காய்கிற சட்டை.

டேப்பு நிமிர்ந்து பார்த்தாள். அது அக்கா வீட்டுக் கொடி இல்லை. அத்தான் கட்டம் போட்ட சட்டை போட்டே அவள் பார்த்ததில்லை.

"நாம எங்கே நிக்கிறோம்?" என்றாள்.

"தோட்டத்துல."

"யாரோட தோட்டத்துல?"

வேன்காரர் சுற்றிப் பார்த்தார். அவருக்கு இரண்டடி தள்ளி இருந்தது தம்பி வீட்டுக் குளியலறைச் சுவர். சோப்பு வாசனைகூட வந்தது.

"புதன்கிழமை டேப்போட நுனியை எது வரைக்கும் கொண்டு போனீங்க?"

"நீ என்ன சொன்னே? நேராப் போங்க, சுவர் வந்ததும் நில்லுங்கன்னு சொன்னே. நான் நேராப் போனேன். சுவர் வந்துச்சு. நின்னேன்."

"ஐயோ! நான் சொன்னது நடுச்சுவர் இருந்த இடம்!"

"நடுச்சுவர்தான் விழுந்துபோச்சே. விழுந்த சுவர் முட்டுமா? முட்டாத சுவருல நான் எப்படி நிக்கிறது?"

இடிந்த கல்லையெல்லாம் செவ்வாய்க்கிழமையே அள்ளிவிட்டார்கள். மழைச் சேறு அடித்தளத்தை மூடிவிட்டது. படியில் நின்று டேப்பைப் பிடித்திருந்தவளுக்கு, இழுத்த டேப் விறைப்பாக நிற்கிறதா என்பதில்தான் கண். எண்ணைப் படித்தாள், எழுதினாள், போய்விட்டாள். வீட்டில் உட்கார்ந்து இரண்டு இரவு வரைந்தது அத்தனையும் இரண்டு வீட்டுப் பின்கட்டையும் சேர்த்த ஒரே தோட்டம். இருபது வருஷம் துணி வெட்டியதில் ஒரு அங்குலம் தப்பாதவள், முதல்முறையாக வேறொருத்தர் துணியையும் சேர்த்து வெட்டிவிட்டாள்.

"சுருட்டுங்க, சுருட்டுங்க. அத்தான் எழுந்துக்கறதுக்குள்ள" என்று குனிந்தாள்.

"எடுக்காதே."

அக்கா. படியில் நின்றாள். கை ஈரம் புடவையில் துடைக்கப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, தப்பா அளந்துட்டோம்…"

"தெரியுது. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அந்த மூணாவது பெட்ஷீட் சுவர் இருந்த கோட்டைத் தாண்டும்போதே தெரிஞ்சுது."

"அப்போவே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பே." அக்கா கீழே இறங்கி வந்தாள். பழுப்புத் திரைச்சீலைப் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள், ஏதோ நிஜமாகவே போட்ட பாதை போல. "அவர் ஒரு தடவை பார்க்கட்டும், டேப்பு. பார்த்துட்டு வேண்டாம்னா எடுத்துடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எடுத்த துணியை டேப்பு மறுபடி கீழே விட்டாள். இத்தனை வருஷத்தில் அக்கா கேட்ட முதல் விஷயம் இது. அதுவும் கேட்ட மாதிரியே இல்லாமல் கேட்டது.

குளியலறை ஜன்னலில் ஒரு வளையல் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அது சின்னக்கா, தம்பியின் மனைவி. கடைத்தெருவில் பார்த்தால் இந்த ஓரகத்திகள் இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு தெருக்காரி.

அத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கு வந்தார். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உள்ளே, இருட்டுச் சதுரத்துக்குள் கம்பிக் கயிற்றோடு வாழ்ந்தவர். அவருக்கு உலகத்தில் பிடித்தது நேர்கோடு.

"என்ன இது, பாதை இப்படி வளைஞ்சு போகுது? லிஃப்ட் எங்கேயாவது வளைஞ்சு போய்ப் பார்த்திருக்கியா, டேப்பு? மேலே போகும், கீழே வரும். அவ்வளவுதான் வாழ்க்கை."

"லிஃப்டுக்குள்ள முழங்கால் வலிக்கற அக்கா நடக்கறதில்லையே, அத்தான். வளைஞ்சு போனா சரிவு தெரியாது."

"ம்." அது அவருக்குப் புரிந்தது. கண் பாதையோடு போனது. வாளிகளைத் தாண்டியது, பச்சைத் துணியைத் தாண்டியது, கட்டம் போட்ட சட்டையில் போய் நின்றது. முகம் மாறியது.

"இது என்ன?"

டேப்பு பொய் சொல்லத் தெரியாதவள். "தப்பு என்னோடது, அத்தான். சுவர் இல்லாததால டேப் அந்த வீட்டுச் சுவர் வரைக்கும் போயிடுச்சு. நான் கவனிக்கலை."

"அவன் வீட்டு இடத்துல எனக்குத் தோட்டம் போடறியா? அவன் குளிச்ச தண்ணியில என் செடியா?"

"தண்ணி வீணாப் போகாம இருந்தா நல்லதுதானே, சகலை?" என்றார் வேன்காரர். டேப்பு பார்த்த பார்வையில் மறுபடி மரமாகிவிட்டார்.

அத்தான் படியிறங்கி வந்து, பச்சைப் புல்தரையின் நடுவில் குதிகாலால் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு. பெட்ஷீட் சுருங்கி இரண்டு பக்கமும் மடிந்தது. "சுவர் இங்கே. திங்கட்கிழமை. இந்தப் பக்கம் உன் தோட்டம். அந்தப் பக்கத்தைச் சுருட்டு."

அக்கா கீழே பார்த்தபடி நின்றாள்.

டேப்புவுக்கு வெட்டிய துணியை ஒட்ட முடியாது என்று இருபது வருஷ அனுபவம் சொன்னது. ஆனால் இது இன்னும் வெட்டாத துணி. "சுருட்டிடறேன், அத்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. உங்க நாற்காலிக்கு நிழல் எப்படி விழுதுன்னு பார்க்கணும். கொஞ்ச நேரம் உட்காருங்க. ஆள் உட்காராம நான் எப்படி டிரையல் பார்க்கறது?"

கோபமான மனுஷனையும் அவன் தொழில் பேச்சில் பிடித்தால் வருவான். அத்தான் முனகினார். "லோடு டெஸ்ட் பண்ணாம லிஃப்டைத் திறந்துவிடக் கூடாதுதான். சரி, எங்கே?"

கோட்டுக்கு இந்தப் பக்கம், சமையலறையைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டாள். மாலை வெயில் தம்பி வீட்டுப் பக்கத்திலிருந்து சாய்ந்து அவர் பிடரியில் விழுந்தது.

"சுடுது" என்றார்.

"மரம் வேணும். வெயில் அந்தப் பக்கத்திலிருந்து வருது. அதனால மரமும் அந்தப் பக்கம்தான் நிக்கணும், அத்தான். உங்க பக்கத்துல எங்கே நட்டாலும் நிழல் அக்கா பாத்திரம் கழுவற இடத்துல விழும்."

"சுவர் வந்தா சுவரே நிழல் தரும்."

"தரும். பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு, பொழுது போனதும் ஜன்னல் வழியா உள்ளே துப்பும். ஆறேழு வருஷமா சமையலறையில அக்கா வேர்த்துக் கொட்டறது எதனாலேன்னு நினைக்கறீங்க?"

அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். "அப்படியா? நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே" என்றாள் அக்கா. கோபமில்லாமல்தான் சொன்னாள். அதனால்தான் அது அவருக்குச் சுருக்கென்றிருந்தது.

வேன்காரர் குடையோடு கோட்டைத் தாண்டிப் போய் நின்றார். நிழல் வந்து அத்தானின் மடியில் உட்கார்ந்தது. "கொஞ்சம் இடது… இன்னும் கொஞ்சம்… போதும்" என்று டேப்பு தாளில் குறித்துக்கொண்டாள். அதற்குள் வேன்காரரின் ஃபோன் அலறியது.

"ஸ்பெஷல் கிளாஸ் விட்டுட்டாங்களாம். பிள்ளைங்க கேட்டுல நிக்குதுங்க. நான் போகணும்."

"இப்போவா? நிழல் நகர்றதைப் பார்க்கணுமே!"

"மரம் பிள்ளைங்களைக் கூட்டி வரப் போகுதுன்னு எழுதிக்கோ" என்று குடையைத் தரையில் சாய்த்துவிட்டு ஓடினார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வெயில் மறுபடி அத்தானின் பிடரியில் அடித்தது. "போதும்மா டிரையல்" என்று கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

அப்போது தம்பி வீட்டுப் பின்கதவு திறந்தது. கதவுக்குள்ளிருந்து ஒரு வளையல் கை ஒரு முதுகைத் தள்ளுவது டேப்புவுக்குத் தெரிந்தது. தள்ளப்பட்ட முதுகுக்காரர் வெளியே வந்தார். அத்தானின் தம்பி, நெட்டை மனிதர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். தெருவில் அவரை விசில் என்றால்தான் தெரியும். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்தார், குனிந்தார், குடையை எடுத்தார்.

"சின்னத்தான்…" என்று டேப்பு ஆரம்பித்தாள்.

விசில் விரலை உதட்டில் வைத்தார். குடையைத் தூக்கிப் பிடித்தார்.

நிழல் மறுபடி வந்தது. முந்தைய நிழலைவிட நீளமாக. எழுந்திருக்கப் போன அத்தான் பாதியில் நின்றார். எதிரில் தரையில் நிழலாக ஒரு குடை, ஒரு நெட்டை உடம்பு, மேலே தூக்கிய ஒரு கை. கம்பியைப் பிடித்த மாதிரி கை. நிற்கிற இடத்திலேயே ஓடுகிற வண்டியில் நிற்பதுபோல அந்த உடம்பு லேசாக இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

உலகத்தில் அப்படி நிற்கிற ஆள் ஒருத்தன்தான். அத்தானுக்கு அது யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் திரும்பவும் இல்லை.

மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

அக்கா மூச்சுவிட்டாளா என்றே தெரியவில்லை. கண்ணை மூடி மனதுக்குள் ஆண்டவனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "டேப்பு. அந்த மரத்தை ஒரு அடி முன்னாடி வரச் சொல்லு. காதுல வெயில் படுது."

டேப்பு வாயைத் திறப்பதற்குள் மரம் ஒரு அடி முன்னால் வந்தது. வந்ததில் அத்தான் இழுத்த கோட்டின் மேலேயே நின்றது.

"அந்த மரத்துக்குக் கை வலிக்குமே" என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி.

பின்னால் இருந்து குரல் வந்தது. "முப்பது வருஷம் கம்பியைப் பிடிச்சு நின்ன கை. வலிக்காது."

"மரம் பேசுமா, டேப்பு?"

"காத்தடிச்சா பேசும், அத்தான்" என்றாள் டேப்பு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தது. எதையும் காட்டாமல் தாளில் இல்லாத எதையோ குறித்துக்கொண்டாள்.

அத்தான் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளில் கிரீஸ் கறை இன்னும் ரேகைக்குள் இருந்தது. "அப்போ அந்த மரத்துக்கிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்கு முடியாமப் போன அன்னைக்கு, காலையிலிருந்து பக்கத்துல இருந்தது அது. கையில ஃபோன் இருந்தது. எனக்கு ஏன் சொல்லலை? எல்லாம் முடிஞ்சு, நான் இறங்கி வந்து, எவனோ செக்யூரிட்டி சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? மூத்த பிள்ளை நான்."

கடைசி வார்த்தைக்குக் குரல் போதவில்லை.

குடை ஆடியது. ஓடுகிற பஸ்ஸின் ஆட்டம் இல்லை இது.

"ஃபோன் பண்ணினேன்" என்றார் விசில். "உன் ஆபீஸுக்குப் பண்ணினேன். நீ உச்சி மாடிக்கு மேலே, கயிறு மாத்திக்கிட்டு இருக்கேன்னு சொன்னாங்க. சேதி சொல்லட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். ஒத்தைக் கயித்துல தொங்கற ஆளுக்கு அந்தச் சேதியை எப்படிச் சொல்றது? கை நடுங்கினா? கால் வழுக்கினா? அங்கே அப்பா போய்க்கிட்டு இருக்காரு. அதே நாள்ல உன்னையும் விட எனக்குத் தைரியம் இல்லைண்ணா."

அத்தான் தன் கையிலிருந்த கிரீஸ் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" அத்தான் இப்போது மரத்திடம் கேட்கவில்லை. நேராகத்தான் கேட்டார். ஆனால் இன்னும் திரும்பவில்லை.

"சொல்லத்தான் வந்தேன். நீ முகம் கொடுக்கலை. சரி, கோபம் ஆறட்டும், மறுவாரம் வரலாம்னு போனேன். மறுவாரம் கொத்தனார் வந்துட்டான்."

அன்பினால் செய்ததை விளக்கிச் சொல்ல நமக்கு வெட்கம். விளக்காததால் அது மற்றவன் நெஞ்சில் முள்ளாக நிற்கும். எத்தனை வீடுகளில் இப்படி ஒரு முள் வருஷக்கணக்காக எடுக்கப்படாமல் நிற்கிறதோ, படைத்தவனுக்குத்தான் தெரியும். எடுப்பதற்குப் பெரிய ஆள் யாரும் வர வேண்டாம். வெயிலில் ஒருத்தருக்குக் கொஞ்ச நேரம் குடை பிடித்தால் போதும் என்று தோன்றுகிறது.

அக்காவின் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அடித்தது. பார்த்துவிட்டு அவள் முகம் வெளுத்தது. "கொத்தனார்" என்றாள். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் ஃபோனை நடுவில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தான் வாங்கினார். காதில் வைத்தார்.

"ஆமாம்ப்பா… மணல் வந்துடுச்சு, ஆமாம்… ஆள் எத்தனை பேரா?" பேச்சு நின்றது. அவர் கண் தரையில் இருந்த நிழலிலேயே இருந்தது. அந்த நிழலில் தூக்கிய கை இறங்கவே இல்லை. "ஆள் வேண்டாம்ப்பா. திங்கட்கிழமை வராதே… இல்லை, வேற கொத்தனார்கிட்டக் கொடுக்கலை… எப்போன்னா, அது எனக்கு எப்படித் தெரியும்? இங்கே டிரையல் போய்க்கிட்டு இருக்கு. அளவு இன்னும் சரியா வரலை."

ஃபோனை அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை வாங்கி, தன்னையறியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். குளியலறை ஜன்னலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"வெளியே வாடி. சோப்பு போட்டுக்கிட்டா அழறே?" என்றாள் அக்கா. பெயர் சொல்லாமலே அந்தப் பக்கம் பதில் வந்தது. "நீ மட்டும் அழலையா, அக்கா?"

டேப்பு சிரித்துவிட்டாள். அத்தானும் லேசாகச் சிரித்தார். பின்னால் நின்றவரும் அதே நொடியில் சிரித்தார். இந்த முறை அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அத்தான் கேட்டார். மெதுவாக, கேட்கலாமா என்ற பயத்தோடு. "அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா?"

விசில் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். பின்கதவுப் படிக்கு வந்துவிட்ட சின்னக்கா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த ஈரமான சிரிப்பு அப்படியே நின்றுபோனதை டேப்பு கவனித்தாள்.

"சொன்னாரு" என்றார் விசில். "உனக்குன்னுதான் சொன்னாரு. ஆனா நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போற விஷயம் இல்லைண்ணா. கேட்டா உனக்குக் கோபம் வந்தாலும் வரும். முழுசாக் கேக்கறதுன்னா சொல்றேன்."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கால்களால் உந்தி, அதைத் திருப்பினார். பச்சை பெட்ஷீட் சுருண்டு நாற்காலிக் காலில் மாட்டியது. அவர் லட்சியம் பண்ணவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். நிறைய நரைத்திருந்தது.

"டேப்பு, உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வா."

"மரத்துக்கா, அத்தான்?"

"மரம் எங்கேயாவது உட்காருமா? என் தம்பிக்கு."